வாடகை ஏறிய தெருக்கள்

1999 டிசம்பர் 31 இரவு. புது ஆயிரத்தாண்டு பிறந்தால் கணினிகளுக்கு என்ன ஆகுமோ என்று உலகமே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குடியிருந்தவர்களுக்கு வேறு கவலை. 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் பிடித்துவைத்திருந்த 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த இரவோடு முடிந்தது. விடிந்தால் வீட்டுக்காரர் வைத்ததுதான் வாடகை. படிக்கப் போன ஊரில் சுற்றித் திரியப் பிடித்த இடங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எனக்கு முதலில் இந்தச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த இடங்கள் அன்று அப்படி இருந்ததற்கும் இன்று இப்படி ஆனதற்கும் பாதிக் காரணம் அதுதான்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்தவன் நான். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ முகாமாக இருந்த மின்டன் குன்றின்மேல் அதன் வளாகம் இருக்கிறது. பல்கலைக்கழகம் பிறந்தது 1969இல். விடுமுறை நாளில் மஞ்சள் பஸ் பிடித்து, 65 மாடி கொம்தார் கோபுரத்தடியில் இறங்கினால், அதற்கப்புறம் எல்லாம் நடைதான். முதல் நிறுத்தம் சௌராஸ்தா சந்தை. கீழே மீனும் காய்கறியும், ஜாடி ஜாடியாய் ஊறவைத்த ஜாதிக்காய். மாடியில் பழைய புத்தகக் கடைகள். கூரை தொடும்வரை அடுக்கியிருக்கும் புத்தகங்களுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். கையில் நாலு வெள்ளி இருந்தால் ராஜா.

அங்கிருந்து சூலியா தெரு. அஞ்சடி என்று அங்குள்ளவர்கள் சொல்லும், கடைவீடுகளின் முன்னால் நிழலாக ஓடுகிற அந்த நடைபாதையில் ஊரின் பாதி வேலை நடந்தது. பெயர்ப்பலகைக்கு எழுத்துச் செதுக்குகிறவர், பிரம்பு பின்னுகிறவர், ஊதுவத்தி உருட்டுகிறவர், நோட்டு மாற்றிக்கொடுக்கிறவர். கீழே கடை, மேலே குடித்தனம். கடைத்தெரு என்று நம்மவர்கள் சொல்லும் மார்க்கெட் தெருப் பக்கம் திரும்பினால் பெரியவர்கள் விசாரிப்பார்கள்.

"தம்பி, எந்த ஊரு?"

"தஞ்சாவூர்ப் பக்கங்கய்யா."

"நாகப்பட்டினத்துல ரஜுலா ஏறி வந்தவன் தம்பி நான்."

அப்புறம் அரை மணி நேரம் கப்பல் கதை ஓடும். ரஜுலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்துபோனது. அதே ஆண்டு தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலம் திறந்தது. சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் ஒன்று பறக்கத் தொடங்கியது. எங்கள் காலத்தில் கோலாலம்பூரில் இறங்கி மாறித்தான் போக வேண்டும்.

அப்போது என் பையில் இருந்த வழிகாட்டி ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. மேடானில் வேலை பார்த்தவர் எழுதிய அந்த நாவலில் யுத்தகாலப் பினாங்கு வருகிறது. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த பினாங்கு தெருவை அதை வாசித்துவிட்டு நடந்து பார்த்தால்தான் ருசி தெரியும். சுற்றுலாக் கையேடு எதிலும் அது கிடைக்காது.

சட்டம் போன பிறகு என்ன நடந்தது? ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு வீடாகக் காலியானது. ஊதுவத்திக்காரரும் பிரம்புக்காரரும் புது வாடகைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆள் போன மாடிகளில் சில காலம் உழவாரக் குருவிகள் குடியேறின. தாமாக வந்தவை அல்ல, வரவழைக்கப்பட்டவை. சீனர்கள் சூப்பு வைக்கும் குருவிக்கூட்டுக்கு விலை அதிகம். ஜன்னல்களை அடைத்து, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டால் அவை வந்து கூடு கட்டும். மனிதர் வாழ்ந்த அறையில் குருவி கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுத்தது என்பதைவிட அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் வேண்டாம். மரபு நகருக்குள் குருவிப் பண்ணைகளை 2013 இறுதிக்குள் அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

இடையில் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுமார் 259 ஹெக்டேர் பரப்பு பாதுகாப்புக்குள் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், கடலில் மரக்கால் ஊன்றிக் கட்டிய சீனக் குலத்துறைகளில் ஒன்றான கோய் துறையை இடித்துத் தள்ளியிருந்தார்கள். தப்பித்து நிற்கும் சியூ துறையில் இன்று பல வீடுகளின் முன்னறை நினைவுப்பொருள் கடை. 2012இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் நிஜச் சைக்கிள் ஒன்றைப் பதித்து, இரு குழந்தைகள் ஓட்டுவதாக வரைந்தார். அருமையான ஓவியம்தான். ஆனால் அதன் முன் நின்று படம் எடுக்க வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேர் அதே தெருவின் 120ஆம் எண் வீட்டை எட்டிப் பார்க்கிறார்கள்? 1910இல் சுன் யாட்-சென் சீனப் புரட்சிக்குத் திட்டம் தீட்டிய வீடு அது. பழைய நீல பஸ்களின் பணிமனை ஹின் பஸ் டிப்போ என்ற பெயரிலேயே 2014 முதல் ஓவியக்கூடமாக இயங்குகிறது. மாணவர்கள் அங்கே காசில்லாமல் நாள் முழுக்க உட்காரலாம். இதைக் குறை சொல்ல மாட்டேன்.

பழையதெல்லாம் பொன் என்றும் சொல்ல மாட்டேன். வாடகை குறைவு என்பதால் வீட்டுக்காரர்கள் ஓட்டைக்கூட மாற்றித் தரவில்லை. மழை பெய்தால் மாடியில் பாத்திரம் வைக்க வேண்டும். யுனெஸ்கோ வராமல் போயிருந்தால் அந்த இடமெல்லாம் இந்நேரம் அடுக்குமாடிகள் எழுந்திருக்கும். சுவர்கள் பிழைத்ததற்கு அந்தப் பட்டியலுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மாறாமல் நிற்பவை எவை என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கணக்குத் தெரிகிறது. வாடகையே கட்ட வேண்டாதவையும் நின்றன, எவ்வளவு கேட்டாலும் கட்ட முடிந்தவையும் நின்றன. 1801இல் காதர் மைதீன் கட்டுவித்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், இடையே புகை மண்டும் குவான்யின் கோயில், அடுத்த தெருவில் 1833இன் மகாமாரியம்மன், சூலியா தெருவில் நாகூர் தர்கா எல்லாம் அதே இடத்தில், அதே கூட்டத்தோடு. புடவை, நகை, சாப்பாட்டுக் கடைகளும் லிட்டில் இந்தியாவில் நிற்கின்றன. நடுவில் இருந்த கைத்தொழில்காரர்கள்தான் பெரும்பாலும் போனார்கள்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்கு தெருக் கோவில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலை நோக்கிப் புறப்படும்போது பாருங்கள். வழிநெடுக மலைபோலத் தேங்காய்கள், உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். 1894 முதல் ஓடும் ரதம் அது. இதற்கு நுழைவுச்சீட்டு போட இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

பினாங்குக்குப் படிக்கப் போகும் தம்பி தங்கைகளே, சுவர்ச் சைக்கிளை ஒரு தடவை பார்த்தால் போதும். சௌராஸ்தா மாடிக்கு மாதம் ஒரு தடவையாவது போங்கள். சந்தையைப் புதுப்பித்த பிறகும் புத்தகக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பேரம் பேசாதீர்கள், அவர்களும் வாடகை கட்டுகிறார்கள்.