கணிதம், அறிவியல் பாடக் குறிப்பும் கணினியும்

சென்ற மாதம் ஒரு நாள், பள்ளி விட்ட நேரத்தில் ஒரு தாயார் என்னைக் காண வந்தார். கணவனும் மனைவியுமாகப் பால்மரம் சீவிப் பிழைக்கும் குடும்பம். மகள் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். இப்போது நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவில் இருக்கிறாள். "வாத்தியாரய்யா, கணக்கு, சயின்ஸ் குறிப்பெல்லாம் கம்ப்யூட்டர்லதான் எழுதணுமாம். பிள்ளை ஒரே பிடிவாதமா நிக்குது. சீட்டு எடுத்தா வாங்கிடலாம். வாங்கலாமா, வேணாமாய்யா?" என்று கேட்டார். தம்போய்க் கடைத்தெருவில் பழைய கணினிக்கு விலை விசாரித்துவிட்டே வந்திருந்தார். அவருக்கு நான் சொன்ன பதிலையே இன்று சற்று விரிவாக உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வரலாற்றுப் பாடத்தைக் கணினியில் எழுதுவது வேறு. கணிதத்தை எழுதுவது வேறு. வரலாறு ஒரே வரியில் நேராக ஓடும். கணிதம் அப்படி ஓடாது. பின்னத்தில் ஓர் எண் மேலே, ஓர் எண் கீழே. அடுக்கெண் தோளில் ஏறிக்கொள்ளும். வர்க்கமூலக் குறி கூரைபோல் நீண்டு சில எண்களை மூடும். அறிவியலிலோ படமும் அம்புக்குறியும் வேண்டும். விசைப்பலகை தட்டெழுத்துப் பொறியின் வழிவந்தது. அது வரியைத்தான் அறியும். ஆகவே ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் வேகத்திற்கு ஈடுகொடுத்துக் கணிதத்தைத் தட்டுவது, நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கும் எளிதன்று.

இத்தொல்லையை முதலில் தீர்க்க முனைந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத். தாம் எழுதிய நூலின் புதிய பதிப்பு அச்சுக்குப் போனபோது கணிதக் குறிகள் அழகின்றி வந்தன. அதைப் பொறுக்காமல் 1977இல் அச்சுக்கோப்பதற்கென்றே ஒரு கணினி நிரலை உருவாக்கத் தொடங்கினார். அதன் பெயர் 'டெக்'. 1980களில் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் அதைப் பயன்படுத்த எளிதாக்கினார். இந்த இரண்டாவதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால், நம் வாளியில் சேரும் ரப்பர் பாலைக் குறிக்கும் 'லேட்டெக்ஸ்' என்ற சொல்லின் அதே எழுத்துகள்தாம்! 'லாடெக்' என்று ஒலிப்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்பெயர் மறக்கவே மறக்காது. உலகெங்கும் கணித, இயற்பியல் ஆய்வுகளில் பெரும்பகுதி இன்றும் இதில்தான் எழுதப்படுகிறது. இதற்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் நான்காம் படிவத்துப் பிள்ளைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 'மைக்ரோசாப்ட் வேர்ட்' உள்ள கணினியில் 'ஆல்ட்' விசையை அழுத்திக்கொண்டு சமக்குறியைத் தட்டினால் கணிதம் எழுத ஒரு பெட்டி திறக்கும். அதில் மேலெண், சாய்கோடு, கீழெண் என்று தட்டி, இடைவெளி விசையை அழுத்தினால் அது பின்னமாக மாறி நிற்கும். 'லிப்ரே ஆபிஸ்' என்பது இலவசமாகவே கிடைக்கிறது. அதிலும் கணிதம் எழுத வசதி உண்டு.

இப்போது வீட்டில் காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு, கூட்டல் குறி, நான்கு, சாய்கோடு, இரண்டு என்று ஒரே வரியில் எழுதுங்கள். விடை என்ன? ஐந்து என்பார் சிலர். எட்டு என்பார் சிலர். ஆறையும் நான்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஐந்து. நான்கை மட்டும் இரண்டால் வகுத்து ஆறோடு கூட்டினால் எட்டு. எழுதியபடி பார்த்தால் எட்டுதான் சரி. ஐந்து வேண்டுமென்றால் ஆறையும் நான்கையும் அடைப்புக்குறிக்குள் இட்டாக வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் பிள்ளை ஒரு கோட்டை இழுத்து மேலும் கீழும் எழுதிவிடுவான்; எது எதற்கு மேல் நிற்கிறது என்று எண்ணிப் பாராமலேயே பலகையைப் பார்த்து வரைந்துவிடலாம். கணினியிடம் அது நடவாது. எது மேலெண், எது கீழெண், வர்க்கமூலம் எதுவரை மூடுகிறது என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டுமானால் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணினியில் கணிதக் குறிப்பு எழுதுவதன் பெரும்பயன் இதுவே என்பது என் எண்ணம். அழகாகத் தெரிவது அப்புறம்தான்.

அதனால் நான் சொல்லும் முறை இதுதான். வகுப்பில் பேனாவும் நோட்டுப் புத்தகமும். அன்று மாலையே, நினைவு சூடாக இருக்கும்போது, அதைக் கணினியில் செப்பனிட்டு எழுதுவது. எழுதும்போது எந்தப் படி புரியவில்லையோ அங்கே கேள்விக்குறி இட்டு, மறுநாள் ஆசிரியரிடம் கேட்பது. படங்களைக் கையால் வரைந்து, படம் பிடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பூவின் உறுப்புகளைக் கணினியில் வரைய இரண்டு மணி நேரம் செலவழிக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், அது வீண்.

2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் கேட்டதை எழுத்துக்கு எழுத்து பதிவதையும், கருத்தறியும் வினாக்களில் பின்தங்குவதையும் கண்டதாக எழுதினர். 2021இல் வேறு சிலர் அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது, எழுத்துக்கு எழுத்து பதியும் பழக்கம் மீண்டும் தெரிந்தது. தேர்வு விடைகளில் அத்தகைய தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே கணினி பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சவும் வேண்டாம். அதுவே படிக்க வைத்துவிடும் என்று நம்பவும் வேண்டாம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பட்டது நினைவிருக்கும். ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள். ஆசிரியர் அனுப்பிய படங்கள் கைப்பேசி நிறையக் கிடந்தன. திறந்து படித்தவர்கள் சிலரே. பலகையைப் படம் பிடித்து வைத்திருப்பது குறிப்பெடுத்ததாகாது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைகளுக்குக் கணினி இன்னொரு வகையிலும் உதவும். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கி, 2009இல் அதைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்து, பின்னர் படிப்படியாக நம் பள்ளிகளில் அவை தமிழுக்குத் திரும்பின. 2016 முதல் இருமொழித் திட்டம் உள்ள சில பள்ளிகளில் மட்டும் ஆங்கிலம். தமிழில் படித்த பிள்ளை முதலாம் படிவத்தில் காலெடுத்து வைத்ததும், அறிந்த பாடமே அந்நியமாகத் தெரிகிறது. 'பின்னம்' தெரிந்தவனுக்கு 'பெச்சஹான்' தெரியாது. 'விசை' என்று படித்தவன் 'டாயா' என்றதும் விழிப்பான். விடை தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பான். மூன்று கட்டங்கள் உள்ள பட்டியல் ஒன்றைக் கணினியில் தொடங்கி, தமிழ், மலாய், ஆங்கிலம் என்று நாளுக்கு ஐந்து சொல் சேர்த்து வரட்டும். நோட்டுப் புத்தகத்தில் இடையே செருக முடியாது. கணினியில் செருகலாம், தேடலாம்.

தமிழில் தட்டுவது கடினம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1980களிலேயே 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர் நம் நாட்டவரான முத்து நெடுமாறன். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகை முறை வந்தது. ஒரு வாரம் பழகினால் கை தானே போகும். ஆனால் ஒருங்குறி எழுத்துருவிலேயே எழுத வேண்டும். இதில் நான் பட்டுக் கற்றவன். பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது அறிவியல் குறிப்புகளை ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் தட்டி வைத்தேன். இன்று திறந்தால் புள்ளியும் கொம்புமாகத் தெரிகிறது. ஒரு சொல் படிக்க முடியவில்லை. அதே காலத்தில் கையால் எழுதிய நோட்டுப் புத்தகம், கரையான் தின்ற ஓரம் போக, இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

பால்மரம் சீவும் குடும்பங்களுக்கு இன்னொன்று. பாலின் எடை முழுவதும் ரப்பர் அன்று. 24 கிலோ பாலில் உலர் ரப்பர் 30 விழுக்காடு என்றால், 24ஐ 30ஆல் பெருக்கி நூறால் வகுக்க, 7.2 கிலோ. நாள், எடை, விழுக்காடு என்று கணினியின் விரிதாளில் கட்டம் கட்டி, நான்காம் கட்டத்தில் இக்கணக்கைப் பிள்ளையே எழுதட்டும். மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விழுக்காட்டுக் கணக்கை இதைவிட நன்றாக எந்தப் பாடநூலும் சொல்லித் தராது.

அந்தத் தாயாருக்கு என்ன சொன்னேன்? புதியது வேண்டாம், கடன் வேண்டவே வேண்டாம். விசைகள் எல்லாம் வேலை செய்கிற பழைய கணினி போதும். வாங்குமுன், 'நாடி' என்று இப்போது அழைக்கப்படும் அரசாங்க இணைய மையம் அருகில் இருந்தால், மகள் ஒரு மாதம் அங்கே போய் எழுதிப் பார்க்கட்டும். மாதம் முடிந்தும் தொடர்ந்து எழுதுகிறாளா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றேன். எழுதியதை இரண்டு இடத்தில் சேமிக்க வேண்டும் என்றும் சொன்னேன். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் கணினி பழுதாகி, ஓராண்டுக் குறிப்பையும் இழந்து அழுதான் என் பழைய மாணவன் ஒருவன். அவனைக் காப்பாற்றியது, எறியாமல் அவன் அம்மா கட்டி வைத்திருந்த நோட்டுப் புத்தகங்கள்.