மணல் வழக்கும் முன்பிணையும்

தமிழகத்துச் செய்தித்தாள்களை வாசிப்போர் ‘மணல் வழக்கில் முன்ஜாமீன்’ என்னுந் தலைப்பை அடிக்கடி கண்டிருப்பர். நாம் முன்பிணை என வழங்குவதையே அங்கு முன்ஜாமீன் என்பர். கைதானவன் கேட்பது பிணை. இனிக் கைதாகலாம் என அஞ்சுபவன், ‘கைது செய்தாற் பிணையில் விடுக’ என்னும் ஆணையை முன்னதாகவே நீதிமன்றத்திற் பெற்றுக்கொள்வது முன்பிணை.

மணல் அள்ளுவது அத்துணைப் பெருங் குற்றமோ எனச் சிலர் வினவலாம். பாலாறு போன்று ஆண்டிற் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் ஆறுகளில் மணற்படுகையே நீர்த்தொட்டி. அதனை வழித்தெடுத்தாற் கரையோரக் கிணறுகள் வற்றிப்போம். கிணற்றையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் பற்றிய சட்டத்தின்படி, அனுமதியின்றிக் கனிப்பொருளைத் தோண்டுவதும் ஏற்றிச் செல்லுவதும் குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆயினும் அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்தில் முறையிட்டாலன்றி நீதிமன்றம் அக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்கலாகாது. எனவே பொலிஸார் திருட்டுக் குற்றத்தையுஞ் சேர்த்து வழக்குப் பதிவர். ஆற்று மணல் அரசின் உடைமை. அதனைக் களவாக எடுப்பது தனிக் குற்றமே என உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. தண்டப் பணங் கட்டிச் சுரங்கக் குற்றத்தைத் தீர்த்துக்கொண்டாலும் திருட்டு வழக்கு நிற்கும் என்று 2020இல் மேலும் உரைத்தது. பணத்தைக் கட்டிவிட்டு வீடு செல்லலாம் என்றிருந்தவர்களுக்கு இஃது இடியாயிற்று.

முன்பிணை இத்தகையோருக்கென்று தோன்றியதன்று. செல்வாக்குள்ளோர் தம் எதிரிகளைப் பொய் வழக்கிற் சிக்கவைத்துச் சில நாளேனுஞ் சிறையிலிட்டு இழிவுபடுத்தக் கூடும் என்பதனாலேயே, இந்தியச் சட்ட ஆணைக்குழு 1969இல் இதனைப் பரிந்துரைத்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438ஆம் பிரிவாக அது புகுந்தது. 2024 யூலை முதல் அதனிடத்தில் வந்த புதிய சட்டத்தில் அது 482ஆம் பிரிவாகும். வெறும் அச்சம் போதாது, நம்பத்தக்க காரணம் வேண்டும் என்று 1980இல் ஐவர் கொண்ட நீதிபதிகள் குழு வரையறுத்தது. மணல் அள்ளுவதைத் தட்டிக்கேட்ட ஊரவன் மீதே வழக்குத் திரும்புவதும் நிகழக்கூடியதே. அன்னவனுக்கு இப்பிரிவு பெருந்துணை.

ஆனால் மணல் வழக்கின் போக்கைப் பாருங்கள். நள்ளிரவில் லொறியைப் பொலிஸார் மறித்தால் அகப்படுபவன் சாரதி. அவனுடன் மண்வெட்டி பிடித்த கூலியாள். அவ்விடத்திலேயே கைதாகின்றனர். கைதான பின் முன்பிணைக்கு இடமேயில்லை. லொறியின் உடைமையாளரோ தம் வீட்டில் உறங்குகின்றார். சாரதியின் வாக்குமூலத்தில் தம் பெயர் வெளிப்பட்டது என்றறிந்ததும் வழக்கறிஞரை நாடுகின்றார். பொலிஸாரிடம் அளித்த ஒப்புதல் சான்றாகாது என்பது வழக்கறிஞரின் முதல் வாதம்; சட்டப்படி அது சரியானதுங்கூட.

நீதிபதிக்கு இங்கேதான் சங்கடம். மனுதாரர் மீது முன்னரும் இத்தகைய வழக்குண்டா, மணல் எங்கே விற்கப்பட்டது, அதனை அறியக் காவலில் வைத்து விசாரித்தல் இன்றியமையாததா என்றெல்லாம் அவர் நோக்குகின்றார். பிணை வழங்கினால் விசாரணைக்கு வரவேண்டும், சாட்சிகளை அச்சுறுத்தலாகாது என நிபந்தனைகள் விதிக்கின்றார். அத்தகைய பாதுகாப்பு வழக்கு முடியும் வரையுந் தொடரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விசாரணைக்கு உரியவர் வருவார். ஆனால் வெளியிலிருந்து வருபவரிடம் பொலிஸார் எவ்வளவு கறக்க முடியும் என்பது வேறு சங்கதி.

நம் நாட்டிலும் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் முன்பிணைக்கு வழி செய்துள்ளது. இந்தியாவில் அமர்வு நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாடவேண்டும். இங்கு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்து நீதவானிடமே விண்ணப்பிக்கலாம். லொறியோடு அகப்பட்ட சாரதிக்கு, அங்காயினும் இங்காயினும், எஞ்சுவது வழமையான பிணை மனு ஒன்றே.