கோலும் வெளியும்

1950ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், இங்கிலாந்தின் சுவிண்டன் நகரத் திடலில் உள்ளூர் அணியும் பிரிசுடல் ரோவர்சு அணியும் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தன. பார்வையாளர் வரிசையில் வான்படைக் கணக்கர் ஒருவர் பொறுமையிழந்து அமர்ந்திருந்தார். பெயர் சார்லசு ரீப். சுவிண்டன் அணியின் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீணாவதைக் கண்டவர், இடைவேளைக்குப் பின் குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் எழுதத் தொடங்கினார். கணக்கர் அல்லவா, எழுதியதை நிறுத்த அவரால் இயலவில்லை. பல்லாண்டுகள் எழுதினார்; 1968இல் புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றில் அது கட்டுரையாகவும் வந்தது.

அவர் கண்டது இது: ஏறத்தாழ பத்து உதைக்கு ஒன்றே கோலாகிறது, கோல்களில் நூற்றுக்கு எண்பது, மூன்று அல்லது அதற்கும் குறைவான கடத்தல்களில் விளைகின்றன. (கடத்தல் என்றால் நமக்குச் சுங்கத்துறை நினைவுக்கு வருகிறது, கைமாற்று என்றாலோ காலாட்டத்துக்குப் பொருந்தாது. ஆகவே கால்மாற்று என்றே சொல்லிவிடுகிறேன்.) எனவே நெடுங்கால்மாற்று வீண், பந்தை நீள உதைத்து விரைந்து கோலை அடைக என்றார். இங்கிலாந்தின் பயிற்றுநர் பலர் இதை வேதமாகக் கொண்டனர்.

கணக்கு சரி, கருத்துத்தான் பிழை. தாக்குதல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை மூன்று கால்மாற்றுக்குள்ளேயே முடிந்துவிடுவன என்பதும் அவர் ஏட்டிலேயே இருந்தது. ஆயிரம் தாக்குதலில் பத்துக் கோல் விழுவதாகக் கொள்வோம். 900 குறுந்தாக்குதல்கள் 8 கோல் தந்தால் 112க்கு ஒன்று. 100 நெடுந்தாக்குதல்கள் 2 கோல் தந்தால் 50க்கு ஒன்று. வீண் என்று தள்ளியதே இருமடங்குப் பயன் தருகிறது! 1990, 1994 உலகக் கோப்பை ஆட்டங்களை ஆராய்ந்த மைக் இயூசு, இயன் பிராங்க்சு ஆகியோர் 2005இல் இவ்வழியே ரீப்பின் முடிவைத் திருத்தினர். அவர்கள் ஆய்வில் இன்னொரு நுட்பமும் வெளிப்பட்டது. நெடுங்கால்மாற்று உதைக்கும் வாய்ப்பை மிகுதியாகத் தருகிறது. ஆனால் விரைந்த தாக்குதலில் எழும் உதையே கோலாகும் தகுதி கூடியது. ரீப் முற்றிலும் ஏமாந்தவர் அல்லர்.

விரைவுக்கு ஏன் அந்தத் தகுதி? எதிரணி அடைக்குமுன் அது கோலுக்கு அருகே சேர்த்துவிடுகிறது. அருகில் நிற்பதன் பயன் வடிவியலில் தெரியும். கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர். நேரெதிரே 11 மீட்டரில் நிற்பவருக்கு அது 37 பாகைக் கோணமாக விரியும். 25 மீட்டரிலோ 17 பாகைதான். நொடிக்கு 30 மீட்டர் விரைவில் செல்லும் பந்து முதல் தொலைவை 0.37 நொடியில் கடக்கும், இரண்டாவதை 0.83 நொடியில். காற்றுத் தடையை இங்கே விட்டுவிடுகிறேன். கண்டு உடலசைக்கவே கோல்காப்பாளருக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். பாய்வதற்கு எஞ்சுவது முதலதில் 0.17, அடுத்ததில் 0.63 நொடி. கோல்காப்பாளரைத் தவிரத் தடுப்பார் எவருமின்றி 11 மீட்டரில் அடிக்கும் தண்ட உதை நான்கில் மூன்று கோலாவது இதனால்தான். தொலைவில் நின்று ஓங்கி உதைக்கும்போது அரங்கம் எழுந்து ஆர்ப்பரிக்கும். பந்து பெரும்பாலும் பார்வையாளர் மடியில் விழும்.

ஆகவே மிகுதியாக உதைப்பதைவிட நல்ல இடத்தில் உதைப்பதே வழி என்று சொல்லிவிடலாம். சொல்வது எளிது. முன்னணி அணி வருகிறதென்றால் எதிரணி பத்துப் பேரையும் தன் கோலின் முன் நிறுத்திவிடுகிறது. நல்ல இடமெல்லாம் அடைபட்டுப் போகிறது. அங்கு வேண்டுவது வெளி. எதிரணி அணிவகுக்குமுன் பந்தைப் பறித்துத் தாக்கினால் அது தானே கிடைக்கும். இல்லையேல் கோல் கோட்டின் விளிம்புவரை பந்தைக் கொண்டுசென்று, பின்னோக்கி உள்ளே தள்ள வேண்டும். காப்பவர்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, பந்து எதிர்த்திசையில் வருவதால் அவர்களுக்குப் பின்னே ஒரு கணம் நிலம் காலியாகிறது. எனக்கு இந்தக் காட்சி, நீண்ட நேர்த்தியான எந்த உதையையும்விட அழகாகப் படுகிறது.

வெளியை அளக்க முனைந்தது லிவர்பூல் அணி. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் இக்சு போசான் துகளை ஆராய்ந்த இயற்பியலாளர் வில்லியம் சுபியர்மேன் 2018இல் லிவர்பூலில் பணியேற்றார். ஒவ்வொரு வீரரின் இடமும் விரைவும் திசையும் தெரிந்தால், திடலின் எந்தப் புள்ளியில் பந்து விழுந்தாலும் அதை முதலில் அடைபவர் யார் என்பதன் நிகழ்தகவைக் கணிக்கலாம். அவ்வாறு திடல் முழுதும் இரு அணிகளின் ஆட்சிப் பரப்புகளாகப் பிரிகிறது. பந்து இல்லாமல் ஓடுபவரின் உழைப்பும் இதில் மதிப்புப் பெறுகிறது. ரீப்பின் குறிப்பேட்டில் அவருக்கு இடமே இல்லை. 30 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2020இல் லிவர்பூல் இங்கிலாந்தின் முதன்மைத் தொடரை வென்றது.

வெளியைத் தேடும் கணக்கு மூலை உதைக்கும் பொருந்தும். கூகுள் டீப்மைண்டு ஆய்வாளர்கள் லிவர்பூலுடன் சேர்ந்து 7,176 மூலை உதைகளைக் கணிப்பொறிக்குக் கற்பித்து, வீரர்களை எங்கெங்கு நிறுத்தலாம் எனச் சொல்லச் செய்தனர். 2024இல் வெளியான அவ்வாய்வில், வழக்கமான அமைப்பைவிடக் கணிப்பொறி தந்ததையே வல்லுநர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு முறை விரும்பினர்.

ஆயினும் மூலை உதை என்றதும் என் நினைவில் எழுவது 2019 மே 7ஆம் நாள் இரவுதான். ஐரோப்பிய வாகையர் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 3-0 எனத் தோற்ற லிவர்பூல், ஆன்பீல்டு அரங்கில் அந்த மூன்றையும் திருப்பி அடித்திருந்தது. 79ஆம் மணித்துளி. பந்தெடுத்துத் தரும் சிறுவன் விரைந்து பந்தைக் கொடுத்தான். லிவர்பூலின் இருபது வயது அலெக்சாந்தர் ஆர்னல்டு, வேறொருவருக்கு விட்டுச் செல்பவர்போல் மூலையிலிருந்து விலகி நடந்தார். சட்டெனத் திரும்பி உதைத்தார். பார்சிலோனா வீரர்கள் தத்தம் இடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தனர். பந்து தாழ்வாக வருவதைக் கண்டிருந்த அணித்தோழர் ஒரிகி, யாரும் நெருக்காத நிலையில் அதை வலைக்குள் செலுத்தினார். கோலின் முன்னே ஆள் நிறைந்த அந்தக் கட்டத்துக்குள் அவ்வளவு வெளி இருந்தது.