அறைவீட்டுச் சமாதானமும் சட்டம் தரும் காவலும்

பேசாலையிலோ வங்காலையிலோ வேலித் தகராறு மூண்டால், கரைவலைப் பாட்டில் வாக்குவாதம் வந்தால், பலர் பொலிஸுக்கு முன் பங்குத்தந்தையைத் தேடி அறைவீட்டுக்குப் போகிறார்கள். நல்ல வழக்கம் அது. மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் அதற்கு ஒழுங்கும் வகுத்திருக்கிறது: முதலில் தனியே பேச வேண்டும், கேளாவிட்டால் ஓரிருவரைக் கூட்டிப் போக வேண்டும், அதன் பிறகே சபைக்குச் சொல்ல வேண்டும். இரண்டாம் படியிலேயே சாட்சிகள் வந்துவிடுகிறார்கள். உண்மை நிலைநிற்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆகவே உண்மையை மூடிவைத்து, எளியவரின் வாயை அடைத்துச் செய்யும் சமரசத்துக்கு வேதத்தில் இடம் தேட முடியாது.

கிறிஸ்தவர் வழக்காடக் கூடாது என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதவில்லையா என்று கேட்பார்கள். எழுதினார். அதே இடத்தில், சகோதரருக்கு அநீதி செய்வோரையும் கண்டித்தார். தமக்கே அநீதி நேரவிருந்தபோது, பெஸ்துவின் முன் நின்று சீசரிடம் மேல்முறையீடு செய்தார். சொத்தைப் பிரித்துத் தரும்படி ஒருவர் கேட்டபோது, நடுவராக இருக்க மறுத்த இயேசு பேராசையைப் பற்றியே எச்சரித்தார். திருச்சபைச் சட்டமும் வழக்குகளைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. ஆனால் நீதிக்குக் குந்தகம் வராதபடி.

இதை மறந்தால் இழப்பு வரும். பிறர் காணியை உரிமை கோரி 10 ஆண்டுகள் தடையின்றி ஆள்பவருக்கு 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் உரித்துத் தரக்கூடும். பேச்சை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பது உரியவருக்கே ஆபத்து. அறைவீட்டில் ஒப்பமிட்ட தாளால் காணி கைமாறாது. நொத்தாரிசு முன் உறுதி முடிக்க வேண்டும். எனவே பேச்சுக்குத் தவணை குறியுங்கள், இணங்கியதை எழுதி ஆளுக்கொரு பிரதி வையுங்கள். சரிவராவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி வேண்டியதில்லை. இணக்கம் வராவிட்டால் அது தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. பங்கே ஒரு தரப்பாகிவிட்ட பிணக்கில் பங்கு நடுவராகவும் முடியாது. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சர இந்துக் கோயிலின் வளைவு பிடுங்கப்பட்டு, கோயிலாருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட விவகாரம் நீதிமன்றம் வரை போனதை மன்னார் மறக்கக் கூடாது.

வீட்டு வன்முறையோ, சமரசத்துக்குரிய பிணக்கே அல்ல. திருமணம் அருட்சாதனம், பொறுத்துப்போ என்று அடிபட்டவரிடம் சொல்வது தவறு. கடும் ஆபத்து விளைவிக்கும் துணையைப் பிரிந்திருக்கத் திருச்சபைச் சட்டமே இடமளிக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு. அப்படியானால் மன்னிப்பு எங்கே என்று கேட்கலாம். 1981இல் தம்மைச் சுட்டவரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983இல் சிறைக்கே சென்று சந்தித்தார். முன்பே மன்னித்தும் இருந்தார். சுட்டவரோ தண்டனையைத் தொடர்ந்து அனுபவித்தார். மனதார மன்னித்தவரும் நீதிமன்றப் படியேறலாம். அதனால் அவருடைய விசுவாசம் குறைந்துவிடாது.