ஆறு நிமிடக் கணக்கு

மாதக் கடைசி வந்தால் எங்கள் ஆபீஸ் திரைகளெல்லாம் மஞ்சளாகிவிடும். அமெரிக்க வக்கீல்கள் குறிப்பெழுதும் நீளமான, கோடு போட்ட மஞ்சள் தாள். அங்கே ஸ்கேன் செய்து அனுப்புவார்கள்; சென்னையில் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து நாங்கள் அதைப் படித்துக் கணினியில் ஏற்றுவோம். என்ன தேதி, எந்தக் கட்சிக்காரர், என்ன வேலை, எவ்வளவு நேரம். இருபது வருடத்துக்கு முன் நான் சேர்ந்தபோது அதுதான் வேலை. இன்றும் வக்கீல்களின் நேரக் கணக்கைத்தான் பார்க்கிறேன். மஞ்சள் தாள் மட்டும் இல்லை.

நம் ஊரில் வக்கீல் ஃபீஸ் என்றால் வழக்குக்கு இவ்வளவு, வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பதுதான் வழக்கம். கம்பெனி விவகாரம் பார்க்கும் பெரிய சட்ட நிறுவனங்கள் இங்கேயும் மணிக்கணக்கில் பில் போடுகின்றன. அமெரிக்காவில், விபத்து இழப்பீடு மாதிரியான வழக்குகள் போக, பெரும்பாலும் மணிக்கணக்குதான். ஒரு மணி நேரத்தைப் பத்தாக வகுத்து, ஆறு நிமிடத்தை 0.1 என்று எழுதுவார்கள். 18 நிமிடம் போனில் பேசினால் 0.3. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை நான் தப்பாகத் தட்டினால் எங்கோ ஒருவர் கூடுதலாகப் பணம் கட்டுவார். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

நாளாக நாளாக, அந்தத் தாள்களில் எழுத்தைவிட மையைப் பார்க்கப் பழகிவிட்டேன். அன்றன்றைக்கு எழுதியவரின் தாள் பார்த்தாலே தெரியும். திங்கட்கிழமை நீல மை, செவ்வாய்க்கிழமை பென்சில், புதன்கிழமை வரி ஓரத்தில் காபிக் கறை. 0.2, 1.4, 0.7 என்று எண்கள் முன்னும் பின்னுமாக இருக்கும். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதியவரின் தாளில் இருபது நாளுக்கும் ஒரே மை, ஒரே சாய்வு. எண்களும் 2.0, 1.5, 2.0 என்று உருட்டி வைத்தது போல நிற்கும். அவர் பொய் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். டைரியையும் ஃபைலையும் புரட்டி, மூன்று வாரத்துக்கு முந்தைய மதியம் என்ன செய்தோம் என்று யோசித்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் ஞாபகத்துக்கு ஆறு நிமிடம் தெரியாது. அதற்கு அரை மணி தெரியும், ஒரு மணி தெரியும். காரில் போகும்போது பேசிய நாலு நிமிடம் கணக்கிலேயே வராது. முக்கால் மணி வேலை ஒரு மணியாக வளர்ந்திருக்கும். முதலாவதில் வக்கீலுக்கு நஷ்டம், இரண்டாவதில் கட்சிக்காரருக்கு.

இந்த நேரக் கணக்கை அமெரிக்க வக்கீல்களுக்குப் பழக்கியவர் என்று ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித்தைச் சொல்வார்கள். 1914இல் ஹார்வர்டில் சட்டம் முடித்த கையோடு பாஸ்டன் சட்ட உதவிச் சங்கத்தின் பொறுப்பை ஏற்றவர். ஏழைகளுக்காக வழக்கு நடத்திய இடம் அது. கையில் சொற்பப் பணம், வாசலில் தினமும் கூட்டம். எந்த வேலைக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்தால்தானே இன்னும் நாலு பேருக்கு உதவ முடியும்? அங்கே பழகிய கணக்கு ஒழுங்கை, 1919இல் ஹேல் அண்ட் டோர் நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் போனபோது கூடவே எடுத்துப்போனார். ஒவ்வொரு வக்கீலும் அன்றைய நேரத்தை அன்றே தாளில் எழுதவேண்டும் என்றார். 1940இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்க இதழில் இந்த முறையை விளக்கி எழுதினார். ஏழைகளின் வரிசையைப் பார்த்தவர் கொண்டுவந்த பழக்கம் என்று தெரிந்த நாளிலிருந்து 0.1 என்ற எண் மீது எனக்குத் தனி மரியாதை.

பிறகு அது வேறு வழியில் வளர்ந்தது. 1958இல் அதே வழக்கறிஞர் சங்கம் ஒரு சிறு வெளியீட்டில், நேரக் குறிப்பு வைத்தால் வருமானம் கூடும், வருடத்துக்கு ஏறக்குறைய 1,300 மணி நேரம் பில்லில் ஏறலாம் என்றது. 1975இல் கோல்ட்ஃபார்ப் வழக்கில், வக்கீல்களுக்கான குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு மணிக்கணக்கு இன்னும் ஆழமாக வேரூன்றியது. இன்று பெரிய நிறுவனங்கள் இளம் வக்கீலிடம் எதிர்பார்ப்பது 1,900, 2,000 மணி.

நீதிமன்றங்களுக்கும் ஞாபகக் கணக்கில் நம்பிக்கை இல்லை. தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் ஃபீஸைக் கொடுக்கவேண்டிய வழக்குகளில் இந்தத் தாள் நீதிபதியின் மேஜைக்குப் போகும். 1983இல் கேரி வழக்கில், நியூயார்க் உள்ளிட்ட பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலை செய்தபோதே எழுதிய பதிவு வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. 2007இல் வெல்ச் வழக்கில், கால் மணிக் கணக்கில் பில் போட்டதற்காகக் கீழ் நீதிமன்றம் 20 சதவீதம் வெட்டியதைக் கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்குப் பகுதியின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இரண்டு நிமிடம் பேசினாலும் பதினைந்து என்று எழுதும் முறைதான் கால் மணிக் கணக்கு.

வெல்ச் தீர்ப்பு வந்த அதே வருடம்தான் ஐபோனும் வந்தது. அதற்கு முன்பே சிலர் பிளாக்பெர்ரியில் குறிப்பைத் தட்டி மெயிலில் அனுப்புவார்கள். நாங்கள் எடுத்து ஒட்டுவோம். ஆப் வந்த பிறகு இடையில் எங்கள் கை தேவைப்படவில்லை. நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி வக்கீல் கட்சிக்காரர் பெயரைத் தொடுகிறார், டைமர் ஓடுகிறது. வேலை முடிந்ததும் இன்னொரு தொடுதல். வாயால் சொன்னால் எழுதிக்கொள்கிறது. பேசி முடித்ததும் அந்த அழைப்பை யார் கணக்கில் சேர்ப்பது என்று கேட்கும் ஆப்களும் உண்டு. எங்கள் வரிசையில் தட்டச்சு செய்த பன்னிரண்டு பேரில் நாலு பேர் சரிபார்ப்புக்கு மாறினோம். மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். அதை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது. அதற்காக மஞ்சள் தாளே மேல் என்று என்னால் சொல்ல முடியாது. இப்போது வரும் பதிவுகளில் 0.1களும் 0.2களும் நிறைய. முன்பு கணக்கிலேயே வராத நிமிடங்கள் அவை. கட்சிக்காரருக்கும் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று வரிவரியாகத் தெரிகிறது.

இயந்திரமும் தப்புச் செய்யும். ஒரு நாள் ஒரு பதிவு: கட்சிக்காரருடன் தொலைபேசி, 9.4 மணி. அந்த வக்கீல் எப்போதும் சுருக்கமாகப் பேசுபவர். பார்த்தால், பேசி முடித்தவர் டைமரை நிறுத்தாமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் தூங்கினார், கணக்கு ஓடியது. கேட்டு எழுதினேன். பத்து நிமிடத்தில் அவரே 0.4 என்று திருத்தி அனுப்பினார். ஒரே நேரம் இரண்டு கட்சிக்காரர் கணக்கிலும் ஏறிய இரட்டைப் பதிவுகளும் வரும். நாலு மணி நேரம் மூன்று பேருக்காக உழைத்தால் அது பன்னிரண்டு மணி ஆகாது என்று வழக்கறிஞர் சங்கம் 1993லேயே சொல்லிவிட்டது. நான் அந்த மாதிரிப் பதிவைத் தேடித்தான் முதலில் பார்ப்பேன்.

பதிவான நேரத்தையும் பார்க்கிறேன். இரவு 11.42, 0.2. ஞாயிறு காலை 6.15, 0.1. மஞ்சள் தாளில் தேதி மட்டும்தான் இருக்கும்; வக்கீல் எப்போது தூங்கினார் என்று தெரியாது. இப்போது தெரிகிறது. சாப்பாட்டு மேஜையில் போனைத் தொட்டால் அதுவும் வேலைதான் என்று ஆகிவிட்டது. எங்கள் திரையில் வந்து விழும் அந்த 0.1க்குப் பின்னால் கலைந்து போன ஓர் உறக்கம் இருக்கிறது. எந்த ஆப்பிலும் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது வேலை விவரத்தையே செயற்கை நுண்ணறிவு எழுதித் தர ஆரம்பித்திருக்கிறது. வழக்கு ஆவணங்களையும் அது எழுதுகிறது. ஒரு நாள் வேலையைக் கருவி சீக்கிரமாக முடித்துக் கொடுத்தால், மணிக்கணக்கில் பில் போடுபவர் தான் உண்மையில் செலவிட்ட நேரத்துக்கு மட்டுமே கேட்கலாம் என்று 2024 ஜூலையில் வழக்கறிஞர் சங்கம் 512ஆம் எண் கருத்துரையில் சொல்லியிருக்கிறது. ஆகவே உண்மையில் எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு முன்னைவிட எடை கூடியிருக்கிறது. மிகவும் வழவழப்பான வாக்கியம் வந்தால் நான் ஒரு முறை கேட்டுவிடுகிறேன்: இதை நீங்கள் படித்தீர்களா?

மஞ்சள் தாள் காலத்தில் நான் பார்க்கவே பார்க்காத ஒரு வகைப் பதிவு இப்போது வருகிறது. வருடத்துக்கு 50 மணி நேரமாவது இலவச உதவிக்குக் கொடுக்க முயலவேண்டும் என்பது அங்கே வக்கீல்களுக்கான மாதிரி நடத்தை விதி. பணம் வராத வேலையை நாங்கள் ஏற்றிய தாள்களில் யாரும் மெனக்கெட்டு எழுதியதில்லை. போனில் எழுதுவது சுலபம் என்பதால் இப்போது எழுதுகிறார்கள். போன வாரம் ஒன்று வந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய ஒரு பாட்டியுடன் பேச்சு, 0.6. பக்கத்துக் கட்டத்தில் கட்டணம் இல்லை என்று டிக் போட்டிருந்தது. புள்ளியையும் எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினேன்.