இடைநிற்றல் தடுப்புத் திட்டங்களை மதிப்பிடுதல்: மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் நிலை

மலேசியாவில் தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிகளோ ஆறாம் ஆண்டுடன் முடிகின்றன. அதன்பின் மாணவருள் பெரும்பாலோர் மலாய்மொழிவழிக் கற்பிக்கும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர் முதற்படிவத்திற்குமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயில்வர். ஏழை மாணவர்க்கு அவ்வோராண்டு கூடுதற் செலவு மட்டுமன்று. தம்மினும் இளையவரோடு அமரும் தயக்கமும் ஆகும்.

இக்கட்டத்தில் விலகும் மாணவர், தொடக்கப்பள்ளிப் பதிவேட்டில் படிப்பை முடித்தவராகவே நிற்பார். தொடக்கப்பள்ளி அளவில் நின்றுவிடும் மதிப்பீடு அவரைக் காணத் தவறும். ஆகவே, ஒரே ஆண்டில் முதல் வகுப்பிற் சேர்ந்தோரை ஐந்தாம் படிவம்வரை தொடர்ந்து கணக்கிடல் வேண்டும். உதவி பெற்றோரை, ஒத்த நிலையிலிருந்தும் அதனைப் பெறாதோருடன் ஒப்பிடல் வேண்டும். எத்தனை பேருக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது என்பது செலவுக் கணக்கு. எத்தனை பேர் ஐந்தாம் படிவத்தை எட்டினர் என்பதே திட்டத்தின் பயன்.