மணி அடிக்கிறது, இலக்கம் தெரியவில்லை

இடம் மாறி மாறி வாழ்ந்த குடும்பங்களுக்குத் தொலைபேசி இலக்கம் ஒன்றே நிலையான முகவரியாக இருப்பதுண்டு. கமநல சேவை நிலையம், வங்கி, நெல் வாங்கும் வியாபாரி, கனடாவில் இருக்கும் மகன் எல்லோரும் அந்த இலக்கத்துக்கே எடுக்கின்றனர். இணையத் தொலைபேசி அடப்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவர்களது இலக்கம் கம்பத்து வயரோடு ஒட்டியதல்ல, கணக்கோடு ஒட்டியது. பெட்டியைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் அங்குள்ள இணைய இணைப்பில் கொழுவினால், பெரும்பாலும் அதே இலக்கத்துக்கு வரும் அழைப்பே அங்கும் ஒலிக்கும்.

ஆனால் இந்த அடப்டரைப் பழைய தொலைபேசியிலோ, கமக்காரர் அமைப்பின் கந்தோரில் உள்ள பழைய பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியிலோ இணைத்ததும் ஒரு குறை தலைகாட்டுகிறது. மணி அடிக்கிறது, பேச முடிகிறது, எடுத்தவரின் இலக்கம் மட்டும் திரையில் வருவதில்லை. பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரே தொலைபேசியைப் பாவிக்கும் இடத்தில் இது சிறிய குறையல்ல. காணி விசாரணைக்கு வரச்சொல்லி எடுத்த அழைப்பை வயலில் நின்றதால் தவறவிட்டவர், யாருக்குத் திருப்பி எடுப்பது? தொலைபேசி பழுது என்று மூலையில் போடுபவர்களையும், கடன்பட்டுப் புதிது வாங்குபவர்களையும் நாம் காண்கிறோம். பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருப்பதில்லை. அடப்டர் ஒரு முறையில் இலக்கத்தை அனுப்புகிறது, தொலைபேசி வேறொரு முறையில் அதை எதிர்பார்க்கிறது.

இலக்கம் வரும் வழி

அடப்டரை ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் என்று கருதலாம். மணியடிக்கும் மின்சாரத்தையும் இலக்கத்தைத் தாங்கிய ஓசையையும் அதுவே உண்டாக்கித் தொலைபேசிக்குக் கொடுக்கிறது. அந்த ஓசையை அனுப்புவதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு.

அமெரிக்கா, கனடா முறையில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடைப்பட்ட அமைதியில் இலக்கம் வருகிறது. அங்கு மணி 2 செக்கன் அடித்து 4 செக்கன் ஓய்வதால் அதற்கு இடம் தாராளம். பிரித்தானியாவில் 1994இல் இச்சேவை தொடங்கியபோது வேறு முறை வகுத்தனர். முதல் மணிக்கு முன்னரே வயர்களின் நேர், மறை முனைகள் இடம் மாறும்; பின் ஒரு சிறு எச்சரிக்கை ஓசை, அதன்பின் இலக்கம், கடைசியில்தான் மணி. டென்மார்க், சுவீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளிலோ, நாம் விசைகளை அழுத்தும்போது கேட்கும் அதே ஓசைகளாக இலக்கம் வந்தது. இதனை டி.ரி.எம்.எஃப். என்பர்.

எம்மிடம் உள்ள பழைய தொலைபேசிகளிற் சில உறவினரின் பெட்டிகளில் வந்தவை. லண்டனிலிருந்து வந்தது முனை மாறுவதற்குக் காத்திருக்கும். டென்மார்க்கிலிருந்து வந்தது விசை ஓசைக்குக் காத்திருக்கும். அடப்டர்களோ பெரும்பாலும் அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டே கடைக்கு வருகின்றன.

எங்கே தொலைகிறது?

முதலில் பாதுகாப்பு. சுவரில் உள்ள வயர், கம்பத்திலிருந்து வரும் பழைய இணைப்போடு இன்னும் சேர்ந்திருந்தால் அதைப் பிரித்துவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 48 வோல்ற்று அளவான மின்னழுத்தம் அடப்டரைக் கெடுத்துவிடும்.

பின்னர் பி.ஏ.பி.எக்ஸ்., மேலதிகத் தொலைபேசிகள், நீண்ட வயர்கள் யாவற்றையும் விலக்கி, திரையுள்ள ஒரு தொலைபேசியை மட்டும் குறுகிய வயரால் அடப்டரில் நேரே கொழுவுக. அதன் பற்றரியைப் புதிதாகப் போடுக. பற்றரி இறங்கினால் மணி அடித்தாலும் திரை வேலை செய்யாத தொலைபேசிகள் பல. உள்ளூர்க் கைத்தொலைபேசி ஒன்றிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு அழைப்பை வைத்துச் சோதிப்பது வீண். மலிவான வழிகளில் வரும் அழைப்புக்கு இலக்கமே இல்லாமற் போவதுண்டு.

திரையில் நேரமும் திகதியும் மாறி, இலக்கத்துக்குப் பதிலாக ஓர் எழுத்தோ 'தனிப்பட்டது' என்ற பொருளுடைய சொல்லோ வந்தால் அது நல்ல செய்தி. முறை பொருந்திவிட்டது, இலக்கம்தான் அனுப்பப்படவில்லை. அமெரிக்க முறையில் இலக்கத்தோடு நேரமும் சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு அழைப்பின் பின்னும் மணிக்கூடு பிழைத்தால், அடப்டரின் நேர அமைப்பை கிறீன்விச் நேரத்திலிருந்து ஐந்தரை மணி முன்னே வைக்க வேண்டும்.

எதுவுமே தெரியாவிட்டால் அடப்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். லிங்க்சிஸ் வகையில் நட்சத்திர விசையை நான்கு தரம் அழுத்தி, 110, ஹாஷ் என்று அழுத்தினால் அதன் இணைய முகவரியைக் குரலிற் சொல்லும். கிராண்ட்ஸ்ட்ரீம் வகையில் நட்சத்திரம் மூன்று தரம், பின் 02. அந்த முகவரியைக் கணினியில் கொடுத்து, அழைப்பவர் இலக்க முறை என்ற பகுதியைத் தேடுக. பெல்கோர் என்பது அமெரிக்க முறை. எஸ்.ஐ.என். 227 என்றோ பிரித்தானியா என்றோ இருப்பது லண்டன் தொலைபேசிக்கு உரியது. ஏற்கனவே இருந்ததைக் கொப்பியில் எழுதிவைத்து, ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்க்கவும். மணியின் தாளமும் முறைக்குப் பொருந்த வேண்டும். அமெரிக்க முறையில் இலக்கத்தை அனுப்பிக்கொண்டு பிரித்தானியாவின் இரட்டை மணியை அடிக்கவிட்டால், இரண்டு மணிக்கும் இடையில் இலக்கத்துக்கு இடம் போதாமற் போகும். பக்கம் பூட்டப்பட்டிருந்தால் சேவை தருபவரிடம் முறையின் பெயரைச் சொல்லி மாற்றுவிக்கலாம். 'இலக்கம் வரவில்லை' என்று மட்டும் முறையிட்டால் அடப்டரை அணைத்துப் போடச் சொல்வதோடு அவர்கள் நிறுத்திவிடுவர்.

கந்தோரின் பழைய பெட்டி

நேரே கொழுவியபோது இலக்கம் வந்து, பி.ஏ.பி.எக்ஸ். ஊடாக வராவிட்டால் குறை அந்தப் பெட்டியில். பழைய பெட்டிகள் வெளியிலிருந்து வரும் மணியை உணர்ந்து, உள்ளே தாமாகவே புதிய மணியொன்றை அடிக்கின்றன. இலக்க ஓசை வாசலிலேயே நின்றுவிடுகிறது. சில பெட்டிகளுக்கு இதற்கென ஒரு அட்டை பொருத்தலாம். ஆனால் பழைய பெட்டிக்கு அதைத் தேடி அலைவதும் வாங்குவதும் ஒரு சிறு சங்கத்துக்குக் கட்டுப்படியாகுமா என்பது சந்தேகமே. நாம் சொல்லக்கூடிய மலிவான வழி, அடப்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரில் ஒரு கிளை எடுத்து, திரையுள்ள தொலைபேசி ஒன்றை மேசையில் வைப்பதாகும். உள்ளே எந்த அறையில் மணி அடித்தாலும் இலக்கம் மேசையில் பதியும். பெட்டி முதல் மணியிலேயே தானாக அழைப்பை எடுக்கும்படி இருந்தால், மூன்றாம் மணிவரை பொறுக்கும்படி மாற்ற வேண்டும்.

கிளைகள் கூடினாலும் தொல்லை. பாரமான மணியுள்ள பழைய சுழல்தட்டுத் தொலைபேசி ஒன்று, அடப்டர் தரும் மணி மின்சாரத்திற் பெரும் பங்கை இழுத்துக்கொள்ளும்.

பதிந்த இலக்கம் 94இல் தொடங்கி, திருப்பி எடுக்கும்போது இணைப்புக் கிடைக்காவிட்டால், 94ஐ விட்டு 0 போட்டு எடுக்கவும். டி.ரி.எம்.எஃப். ஓசைகளில் கூட்டல் அடையாளம் இல்லை என்பதால் அது திரைக்கு வராது.

இலக்கம் தெரிந்துவிட்டது என்பதற்காக, பேசுபவர் அவர்தான் என்று கொள்ள முடியாது. இணையவழி அழைப்பில் விரும்பிய இலக்கத்தைக் காட்டச் செய்ய மோசடிக்காரரால் முடியும். இழப்பீடு வந்திருக்கிறது, காணிப் பத்திரம் ஆயத்தம் என்று சொல்லி வங்கிக் கணக்கு விபரமோ கட்டணமோ கேட்டால், தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த அலுவலகம் முன்னர் அனுப்பிய கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள்.